முள் மாட்டாத வலைக்கு ஒரு ரப்பர் பூச்சு

வலையைக் கத்தரிக்கோலால் வெட்டிய மாலையில்தான் இந்த வேலை தொடங்கியது. செயற்கை இரையில் இரண்டு மும்முட்கள், அதாவது ஆறு முனைகள். ஒரு முனை மீனின் தாடையில் இருந்தது. மற்ற ஐந்தில் மூன்று வலையில் இருந்தன. மீன் சும்மா இருக்குமா? இரண்டு உருட்டு உருண்டது, வலை அதன் முகத்தைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொண்டது. இருட்டிக்கொண்டு வருகிறது, பல்லிடுக்கில் டார்ச், கையில் இடுக்கி. ஒரு முள்ளை எடுப்பதற்குள் இன்னொன்று போய் மாட்டுகிறது. மீன் தண்ணீருக்கு வெளியே கிடக்கும் நேரம் ஏறிக்கொண்டே போனதால், கடைசியில் வலையை நான்கு இடங்களில் வெட்டினேன். மீன் நீந்திப் போய்விட்டது. இரை தப்பியது. வலையில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

தூண்டிலில் சிக்கிய மீனைக் கரையருகே தூக்கி எடுக்கப் பயன்படும் கைப்பிடி வலையைத்தான் சொல்கிறேன். அலுமினிய வளையம், நீட்டி மடக்கும் காம்பு, தொங்கும் நைலான் பை. வாங்கிய நாள் முதல் எனக்கும் அதற்கும் ஆகாது. ஈரம் காயாது, காய்ந்தால் நாற்றம் போகாது, எந்த முள்ளைக் கண்டாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் வெட்டிய துண்டுகளில் ஒன்றை உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தபோதுதான் இத்தனை நாள் நான் தவறாக நினைத்திருந்தது தெரிந்தது. முள் கண்ணிக்குள் நுழைந்து மாட்டுகிறது என்றே எண்ணியிருந்தேன். கண்ணியில் மட்டும் மாட்டியிருந்தால் ஓர் உதறலில் வந்துவிடும். உண்மையில் அது நூலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. வலை நூல் ஒற்றை இழை அல்ல, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கியது. முள்முனை அந்த இழைகளைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது. முனைக்குச் சற்றுக் கீழே இருக்கும் எதிர்முள்ளும் பின்னாலேயே நுழைந்துவிட்டால் அவ்வளவுதான், இழுக்க இழுக்க இறுகும். நாற்றத்துக்கும் இதுவே காரணம். மீனின் வழும்பு இழைகளுக்கு நடுவே போய்க் காய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே எவ்வளவு கழுவினாலும் அது வெளியே வருவதில்லை.

ஆக, நூலின் உட்புறத்தை அடைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் சேர்ந்தே தீரும். கடையில் விற்கும் ரப்பர் பூசிய வலைகள் செய்வதும் இதைத்தான். முழுக்க ரப்பரிலேயே வார்த்த வலைகளும் உண்டு. அவற்றில் முள் மாட்டுவது அரிது, ஆனால் கனம் அதிகம், ஓடும் நீரில் ஒற்றைக் கையால் தள்ளுவது பெரும்பாடு. வளையமும் காம்பும் நன்றாக இருக்கும்போது, பையை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். நியாயமாகச் சிந்திக்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கோ வீட்டில் கருவிக் கைப்பிடிகளுக்குப் பூசும் திரவ ரப்பர் ஒரு டப்பா திறக்காமலே கிடந்தது. கை அரிப்பு என்பார்களே, அதுவும் கொஞ்சம் இருந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. மீனின் மேல் இருக்கும் வழும்புதான் அதற்குக் கிருமிகளிடமிருந்து முதல் காப்பு. சொரசொரப்பான உலர்ந்த நூல் அதை வழித்து எடுத்துவிடுகிறது, செதிலைப் பெயர்க்கிறது, துடுப்பின் ஓரத்தைக் கிழிக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் புளூகில் என்ற நன்னீர் மீனை ரப்பர் வலை, முடிச்சில்லாத நைலான் வலை, சிறுகண் முடிச்சு வலை, பெருங்கண் முடிச்சு வலை என நான்கு விதமாக எடுத்து ஒப்பிட்டார்கள். முடிச்சு வலைகள்தான் மீனுக்கு அதிகக் கேடு செய்தன. வலையே போடாமல் கரைக்குக் கொண்டுவந்த மீன்கள் எல்லாம் பிழைத்தன. பிடித்ததைத் திரும்ப விடுகிறவன் இதைப் படித்த பிறகு பழைய வலையை எடுத்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். என் வலையும் முடிச்சு வலை. பூச்சு முடிச்சை மழுங்கச் செய்யும், இல்லாமல் ஆக்காது. இதைத் தெரிந்துகொண்டேதான் இறங்கினேன்.

முதலில் நூல் எந்த வகை என்று பார்த்தாக வேண்டும். வெட்டிய துண்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழிகள் போகுமாறு விரலால் பிசைந்து அமிழ்த்திவிட்டேன். மூழ்கியது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலானின் அடர்த்தி 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். பாலிஎத்திலீன் நூலாக இருந்தால் அடர்த்தி 1-க்குக் கீழே, மேலே மிதந்து வந்துவிடும். அப்படி மிதந்தால் டப்பாவை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பாலிஎத்திலீன் மேல் எந்தப் பூச்சும் ஒழுங்காகப் பிடிக்காது, பாம்புச் சட்டை போலக் கழன்று வரும். தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வலை முழுவதையும் முக்குவது முட்டாள்தனம். சோப்பு போடாமல் சோதிப்பதும் அப்படித்தான், இழைகளுக்குள் சிக்கிய காற்று நைலானைக்கூட மிதக்கவைத்து ஏமாற்றும்.

அடுத்து, ஒரே நூலின் மூன்று துண்டுகளில் மூன்று பொருள்களைப் பூசிப் பார்த்தேன். ரப்பர் பாலில் முக்கியது நன்றாக வளைந்தது. ஆனால் ஓரிரவு ஊறியதும் வெளுத்து உப்பியது. வெயிலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் பால் பூச்சு கெட்டுவிடும், தூண்டில்காரனின் பையிலோ இரண்டுக்கும் குறைவில்லை. நாப்தா என்ற கரைப்பானில் கரைத்த சிலிக்கோன் பசை நூலில் மிக நன்றாகப் பிடித்தது. உண்மையில் அதுதான் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் சிலிக்கோன் மேல் பின்னால் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. இன்று பூசினால் என்றென்றும் அதற்கே கட்டுப்பட்டவனாகிவிடுவேன். மூன்றாவது, டப்பாவில் இருந்த கைப்பிடி ரப்பர். ஊறவைத்து, முடிச்சுப்போட்டு, நகத்தால் கீறிப் பார்த்தேன். உரியவில்லை. முள்முனையை அதன் மேல் வைத்து அழுத்தினால் லேசாக வழுக்கியது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

பூசுவதற்கு முன் ஓட்டையைப் பொத்தினேன். வலையைச் சீர்செய்யும் ஊசி என்னிடம் இல்லை. அட்டையை நறுக்கி ஒன்று செய்துகொண்டேன், அது ஏழாவது கண்ணியில் மடங்கிவிட்டது. மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய ஊசியால் முடித்தேன். கண்ணி அளவு ஒன்றுபோல் வருவதற்காக ஒரு தட்டையான குச்சியை இடையில் கொடுத்து முடிச்சிட்டேன். பொத்திய இடம் அழகாக இல்லை, உறுதியாக இருந்தது. ரப்பர் ஏறியதும் அசிங்கம் மறைந்துவிடும் என்பதும் ஒரு கணக்கு.

பையை வளையத்திலிருந்து கழற்றி, வெந்நீரில் பாத்திரச் சோப்பு போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகும் கலங்கலாகவே வந்தது, அதற்குள் என்னவெல்லாம் குடியிருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. காய்வதற்கு இரண்டு முழு நாள் விட்டேன். நைலான் நூலே கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், தொட்டால் உலர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே இருக்கும். காய்ந்தபின் எடைபோட்டேன், 118 கிராம். தண்ணீரில் முக்கி மூன்று முறை உதறிவிட்டு மறுபடி எடைபோட்டேன், 204. நூலுக்குள் 86 கிராம் தண்ணீர். இந்த எண்ணைக் குறித்துவைத்தேன். பூச்சு நூலுக்குள் போனதா, மேலோடு நின்றுவிட்டதா என்று பின்னால் சொல்லப்போவது இதுதான். பிறகு மீண்டும் இரண்டு நாள் காயவிட்டேன்.

திரவ ரப்பர் டப்பாவில் தேனைவிடக் கெட்டியாக இருந்தது. அப்படியே பூசினால் நூலின் மேல் உறைபோல நிற்கும், உள்ளே இறங்காது. அதனால் டப்பாவில் குறிப்பிட்டிருந்த தின்னரை, இரண்டு பங்கு ரப்பருக்கு ஒரு பங்கு என்று கலந்தேன். இங்கேதான் முதல் சறுக்கல். கைக்கு எட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் கலக்கத் தொடங்கினேன். அரை நிமிடத்தில் டம்ளரின் அடிப்பகுதி இளகி, மேசையோடு ஒட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரப்பரைக் கரைப்பது டம்ளரையும் கரைக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது. கண்ணாடிக் குடுவைக்கு மாறினேன். கையுறையிலும் இதே பாடம்தான். ரப்பர் பாலில் செய்த மெல்லிய கையுறைகள் இந்தத் திரவத்தில் ஊதிப் பருத்துத் தளர்ந்துவிடும். நைட்ரைல் கையுறை கொஞ்சம் தாங்கும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

இந்தக் கரைப்பான்களில் டொலுயீன், சைலீன், நாப்தா போன்றவை இருக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி எட்ட இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். மூடிய அறையில் செய்யவே கூடாது. தூசிக்கு அணியும் முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். நான் திறந்தவெளியில், கவசத்தோடுதான் செய்தேன். அப்படியும் இரண்டாம் நாள் தலை கனத்தது.

வலை முழுவதையும் முக்க ஒரு வாளி நிறைய ரப்பர் வேண்டும், என்னிடம் இருந்ததோ அரை லிட்டருக்கும் குறைவு. வழி ஒன்று கிடைத்தது. கனமான பாலித்தீன் பைக்குள் வலையைப் போட்டு, கலவையை ஊற்றி, பையின் வாயை முறுக்கிக்கொண்டு வெளியிலிருந்து மாவு பிசைவது போலப் பிசைந்தேன். பத்து நிமிடத்தில் எல்லா நூலும் கறுத்துவிட்டது. பைக்குள் வைத்தே பிழிந்ததில் மிச்சக் கலவையும் திரும்பக் கிடைத்தது. இந்த வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் அதற்கு அடுத்து செய்தது மகா சொதப்பல்.

வலையை ஒரு கொக்கியில் தொங்கவிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் ரப்பர் எல்லாம் அடிப்பகுதிக்கு வடிந்து, கீழே உள்ள கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடைபோல் ஆகிவிட்டன. நடுப்பகுதியில் கண்ணிகளுக்கு நடுவே சோப்புக் குமிழி மாதிரி மெல்லிய ஏடு படிந்திருந்தது. விரலால் பிரிக்கப் போனால் அரைகுறையாய்க் காய்ந்த பூச்சு நூலைவிட்டு உரிகிறது. அப்படியே விட்டால் அடிப்பகுதி ஒரு ரப்பர்க் கட்டி. அழுகை வராத குறை. கடைசியில் தின்னரில் நனைத்த துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துப் பிரித்தேன். மூன்று மணி நேரம். மறுநாள் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பூச வேண்டியதாயிற்று.

பிறகுதான் முறையான ஏற்பாடு. கனமான கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து, வலையின் வாயைத் துணிக் கவ்விகளால் அதில் விரித்து மாட்டினேன். பையின் அடியில் நான்கு இடங்களில் நூல் கட்டி, சிறு எடைகளைத் தொங்கவிட்டேன். இப்போது கண்ணிகள் எல்லாம் விரிந்தே நின்றன, ஒன்றையொன்று தொடவில்லை. (பைக்குள் பலூன் ஒன்றை ஊதி வைத்தால் அழகாக விரியுமே என்று ஒரு கணம் தோன்றியது. கையுறை நினைவுக்கு வந்ததால் பலூன் பிழைத்தது.) முதல் அரை மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வளையத்தோடு தலைகீழாகத் திருப்பினேன், வடிவது ஒரே பக்கம் சேராமல் இருக்க. ஏடு படிந்த கண்ணிகளைச் சைக்கிள் பம்பால் ஒரு புஸ், அவ்வளவுதான். ஏடு ஈரமாக இருக்கும்போதே உடைக்க வேண்டும், உடைந்ததும் அந்த ரப்பர் தானாகவே நூலோடு சேர்ந்துகொள்கிறது. காய்ந்தபின் ஊசியால் கிழித்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும், அந்தப் பிசிறிலிருந்து உரிதல் தொடங்கும்.

இரண்டாம் பூச்சுக்கு நான்கு பங்கு ரப்பருக்கு ஒரு பங்கு தின்னர். அன்று மாலை காற்றில் ஈரம் அதிகம், பொறுமை குறைவு. பூசி முடித்த சிறிது நேரத்தில் கறுப்பு நூலெல்லாம் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது நூலின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கும் ஈரம் அங்கே பனித்துப் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். நல்லவேளை, உறுதியில் குறை தெரியவில்லை, பார்வைக்குத்தான் சாம்பல். உச்சிவெயிலுக்கு முந்தைய உலர்ந்த நேரம்தான் இதற்குச் சரியான வேளை.

மூன்றாவது பூச்சு வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். எடை 236 கிராம், ஆரம்பத்தில் இருந்ததற்கு இரண்டு மடங்கு. நூலின் முறுக்கு கண்ணுக்கு லேசாகத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அது போதும். நூல் இன்னும் பருத்தால் நீரை வெட்டிக்கொண்டு போகாமல் நீரைத் தள்ளத் தொடங்கும், மீன் அந்தத் தள்ளலை உணர்ந்து மிரளும். எல்லோரும் தடித்த பூச்சுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். முள்ளைத் தடுப்பது நூலுக்குள் போன முதல் பூச்சுதான், மேலே இருப்பது அதற்கு ஒரு தோல், அவ்வளவே.

வாசனை முழுதும் போக ஒன்பது நாள் ஆயிற்று. அதற்கு முன் அதில் மீனை எடுப்பது நைலானைவிடப் பெரிய கேடு, கரைப்பான் மீனின் செவுளுக்கு ஆகாது. பத்தாம் நாள் வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் எதுவும் இல்லை, முகர்ந்தால் வாடையும் இல்லை. எடுத்து மூன்று முறை உதறி எடைபோட்டேன், 262. முன்பு 86 கிராம் தண்ணீர் பிடித்த வலை இப்போது பிடித்தது 26. அந்த எண்ணைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி, பிறகு அதில் எடுத்த எந்த மீனிலும் கிடைக்கவில்லை என்றால் மிகையாகாது.

பையை வளையத்தில் திரும்ப மாட்டும்போது இன்னொரு தப்பு வெளிப்பட்டது. மேல்வரிசைக் கண்ணிகளையும் சேர்த்துப் பூசியிருந்தேன். நைலானாக இருந்தபோது வளையத்தில் சர்ரென்று நழுவிய கண்ணிகள் இப்போது ரப்பர், அலுமினியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரடி நகர மறுத்தன. சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொன்றாகத் தள்ளி மாட்டினேன். மேல்வரிசையைக் காகித நாடாவால் சுற்றிவிட்டுப் பூசியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

முதல் மாலையில் நான்கு மீன்கள். மும்முள் இப்போதும் கண்ணிக்குள் புகுந்துகொள்கிறது, ஆனால் நூலுக்குள் இறங்குவதில்லை. இரையைப் பிடித்துத் தளர்த்தி ஒரு குலுக்கு, வந்துவிடுகிறது. நான்கு முறையில் ஒரு முறை மட்டும் இடுக்கி தேவைப்பட்டது, அதுவும் நான் பொத்திய இடத்தில், இரண்டு முடிச்சுகள் நெருங்கி நின்ற மூலையில். நூல் விறைத்திருப்பதால் மீன் உருண்டாலும் வலை அதைச் சுற்றிக்கொள்வதில்லை, பை போல விரிந்து நிற்கிறது. முன்பெல்லாம் நூலில் ஒட்டிக் காய்ந்த செதில்கள் மறுநாள் மினுங்கும். அன்று ஒன்றுகூட இல்லை. மீனை எடுக்கும் முன் வலையை நனைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விடவில்லை, உலர்ந்த ரப்பர் வழும்பில் வழுக்காது, ஒட்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு நிலைமை இப்படி. வளையத்தை ஒட்டி நூல் மடங்குகிற இடங்களில் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. கல்லில் உரசிய ஒரு பக்கத்தில் சில கண்ணிகள் உரிந்து வெள்ளை நைலான் எட்டிப் பார்க்கிறது. அந்த இடங்களைக் கழுவிக் காயவைத்து, சிறு தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசினேன், பழைய ரப்பர் மேல் புதியது நன்றாகவே பிடித்தது. மூடிய வண்டிக்குள் வெயிலில் வைத்துவிட்டுப் போனால் கண்ணிகள் லேசாக ஒட்டிக்கொள்கின்றன, உதறினால் பிரிகின்றன. பை முன்புபோல் சுருட்டிச் சின்னதாக ஆகாது. கொஞ்சம் சுருங்கவும் செய்திருக்கிறது, ஆழம் நான்கு விரல் குறைவு. நாற்றம் அறவே இல்லை, தண்ணீரில் ஓர் அலசு போதும்.

டப்பாவின் அடியில் மிஞ்சியது இரண்டு விரல் உயரம். மூடியைத் திறக்கத் திறக்க அதன் மேல் ஏடு கட்டிக்கொண்டே வந்தது, இன்னொரு வலைக்குக் காணாது. ஏட்டை எடுத்துவிட்டு, அன்று மாலை வலையை வெட்டிய கத்தரிக்கோலின் கைப்பிடிகளை அதில் முக்கித் தொங்கவிட்டேன். டப்பாவின் மேல் போட்டிருந்த படமும் அதேதான்.